பட்டைக் கட்டு வந்த வழி

நம்ம பட்டைத்துறைக்குப் பேரே இல்லாத காலம் அது. வெறும் மணலும் பதினாலு குடிசையும்தான் இருந்துச்சுன்னு சொல்லுவாவ. நடுவுல பேசாம கேளுங்க, பேசினா எனக்குக் கோவம் வரும்.

அதுல ஒரு குடிசையில மிக்கேலம்மான்னு ஒருத்தி இருந்தா. புருசன் தசநேவிசு. கொழும்புக்குப் போற பாய்த்தோணியில வேலை. அவன் போயி ரெண்டு மாசம். ஊர்லயும் மீன்பாடு இல்ல, எல்லா வயிறும் காஞ்சு கெடந்துச்சாம்.

ஒரு நாள் விடியல்ல கடல் மேல மூடுபனி. பனிக்குள்ளருந்து ஒரு வாசம் வந்துச்சாம். கறிக்குப் போடுறோம்லா, அந்தக் கருவாப்பட்டை வாசம். ஊரே கனாவுல நடக்குற மாதிரி எந்திரிச்சுக் கரைக்கு வந்துச்சு. பாத்தா, கட்டு கட்டா பட்டை மெதந்து வருது. ஒண்ணு. அதுக்குப் பொறவு ஒண்ணு. அதுக்குப் பொறவு இன்னொண்ணு. சத்தமே இல்லாம வருது.

விடுவாவளா? இருந்த கட்டுமரத்தையெல்லாம் எறக்கி அள்ளுனாவ. மாதா குடுத்ததுன்னு மொழங்கால் போட்டாவ. மிக்கேலம்மாவும் ஒரு கட்ட இழுத்துப் போட்டா. பொய் சொல்லப்படாது, அவளும்தான் இழுத்தா. அவுத்துப் பாத்தா, உள்ள காஞ்சு கெடக்கு.

"அண்ணே, நில்லுங்க" ன்னா. "உள்ள நனையவே இல்ல. கொழும்புலருந்து பட்டை ஏத்தி வந்த தோணி இப்பத்தான் ஒடஞ்சிருக்கு. ஆளுவ தண்ணிக்குள்ள கெடப்பாவ. எங்க வீட்டுக்காரரும் இருப்பாரு."

"இதை அள்ளிட்டுப் போவோம் தங்கச்சி. விட்டா நீரோட்டம் கொண்டு போயிரும்."

பட்டையச் சொன்னாவ. ஆளச் சொல்லல. பாத்துக்கிடுங்க.

அவ மாமனாரு சவரிமுத்துவக் கூட்டிக்கிட்டு, அவரு கட்டுமரத்தத் தள்ளி ஏறிட்டா. ஒரு கட்டையும் தொடல. ஒரு கட்டத் தாண்டி அடுத்த கட்டு, அதைத் தாண்டி அடுத்த கட்டுன்னு வந்த வழியே போனாவ. கடல் எது, வானம் எதுன்னு தெரியல. அடுத்த கட்டு கண்ணுல படுற வரைக்கும் வாசத்த வச்சே துடுப்பு போட்டாவளாம். நெனச்சா எனக்கு இப்பவும் ஒடம்பு சிலுத்துரும்.

ரொம்ப தூரம் போனா, ஒரு பாய்மரம் மெதக்கு. அதைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அஞ்சு பேரு. மிக்கேலம்மா ஒவ்வொரு மொகமா பாத்தா. தசநேவிசு இல்ல.

"தோணி முங்கயில தசநேவிசுதான் பட்டைக் கட்ட விடச் சொன்னாரு" ன்னான் ஒருத்தன். "மொத்தமா விடாதீய, ஒண்ணு ஒண்ணா விடுங்க, எங்க ஊர்க்காரவ வழி புடிச்சு வந்துருவாவன்னாரு. கடைசிக் கட்ட விடும்போது அவரையும் சேத்து நீரோட்டம் இழுத்துட்டுப் போயிருச்சு."

அந்த அஞ்சு பேரையும் அவ கொண்டாந்து கரை சேத்தா. நடந்ததக் கேட்டதும் ஊரு தலையத் தொங்கப் போட்டுச்சு. பொறவு அள்ளுன கட்டு அம்புட்டையும் திரும்பக் கடல்ல தள்ளுனாவளாம். "எங்க மெதந்தாலும் வாசம் புடிச்சு வீட்டுக்கு வரட்டும்" ன்னு. மூணு நாளு எல்லா மரமும் தேடுச்சு. மூணு நாளும் கடல் மணந்துச்சாம்.

வந்தானான்னு கேக்கீய. வரல.

அன்னைலருந்துதான் இது பட்டைத்துறை. அன்னைலருந்துதான் இந்த வழக்கமும். பலகையோ, பிளாஸ்டிக் கேனோ, என்ன மெதந்து வந்தாலும் மொதல்ல ஒரு மோட்டார் போட்டு அது வந்த வழியே போயிப் பாத்துட்டு வரணும். அதுவரைக்கும் ஒருத்தனும் தொடப்படாது. முக்காவாசி நேரம் சும்மாதான் திரும்பி வரும். டீசல் வீணுன்னு பயலுவ மொனங்குவானுவ. மொனங்கட்டும். ஒரு புயலுக்குப் பொறவு எங்க அப்பா போன போட்டு வரல, ஒரு ஐஸ்பெட்டி மூடி மட்டும் கரைக்கு வந்துச்சு. அதை யாரும் தொடல. போட்டு போச்சு, ஆளோட திரும்பி வந்துச்சு. நான் பொறந்தது அதுக்கு அடுத்த வருசம்.