ரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கு நாங்கள் கொடுத்த பிஸ்கட்

ஓசூர் குழந்தைகள் உணவு, மரபணு ஆய்வு மையத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் உணவியலாளராக உழைத்து இன்று ஓய்வு பெறும் திருமதி நஞ்சம்மா அவர்களுக்கு, உடனுழைத்தோர் உள்ளம் உடைந்து வாசித்தளிக்கும் மடல்.

பசியறிந்த பண்பாளரே! பிள்ளைகளின் எடையையும் பெற்றோரின் ஏக்கத்தையும் ஒருசேர அறிந்த ஏந்தலே! தமிழ், கன்னடம், தெலுங்கு என மும்மொழியிலும் எங்களைத் திட்டித் திருத்த முயன்று தோற்ற திருவாட்டியே, வணக்கம்!

தளியின் தோட்டத்து வீடுகளுக்கும், கம்பெனி பஸ் நிற்கும் சந்துகளுக்கும் எடைக்கருவியைத் தோளில் சுமந்து சென்றீர்கள். "எங்க வம்சமே இந்த குண்டு ஒடம்புதான் மேடம், ஜீன்லயே எழுதி வெச்சிருக்குது" என்று கைவிரித்த தகப்பன்மாரிடம், "எழுதினது மாறாதுப்பா. ஆனா வீட்ல இருக்கற எல்லா லைட்டையுமா போடறோம்? எந்த ஜீன் முழிக்கும், எது தூங்கும்ங்கறதுல சாப்பாட்டுக்கும் பங்கு இருக்குது" என்றீர்கள். மரபணு ஆய்வு மையத்தில் சம்பளம் வாங்கும் எங்களுக்கே அன்றுதான் அது விளங்கியது.

உத்தனப்பள்ளி சுவேதா நான்கு வயதில், வயதுக்கு மீறிய எடையோடு நம்மிடம் வந்தாள். அவள் தாய் அனிதா, உதிரிபாகக் கம்பெனியில் ஷிஃப்ட்டுக்குத் தரும் கிரீம் பிஸ்கட்டையும் மாம்பழ ஜூஸையும் தான் தொடாமல் மகளுக்கே கொண்டு வருவார். "நாளெல்லாம் நின்னுட்டு வர்றேன் மேடம், பையத் தொறக்கறப்ப அவ மூஞ்சி மலர்றதப் பாக்கணுமே!" என்றார். நீங்கள் கடிந்துகொள்ளவில்லை. சனிக்கிழமைதோறும் அந்தப் பாக்கெட்டுகளை வாங்கிக்கொண்டு, உங்கள் கையால் பிடித்த கேழ்வரகு உருண்டைகளைக் கொடுத்தீர்கள். மூன்று ஆண்டுகள் நடந்தது அந்த மாற்று. சுவேதாவின் எடையும் அளவு மீறி ஏறாமல் நின்றது.

அதைக் கெடுத்தவர்கள் நாங்கள். ஐயோ, வேறு யாருமில்லை! ஆய்வுக்காக வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்ததும் அழும் பிள்ளைகளுக்கு உருண்டைதான் தர வேண்டும் என்று நீங்கள் சொல்லியிருந்தும், சுலபமாக இருக்கிறதென்று லேப் மேசை இழுப்பறையில் அதே பிஸ்கட்டையும் ஜூஸையும் ஒளித்து வைத்திருந்தோம். ஒருநாள் சுவேதா சிரித்தபடி கை நீட்டினாள். "கோபி அண்ணா, ரெண்டு ஊசி போட்டா ரெண்டு பாக்கெட் தருவீங்களா?" பக்கத்தில் நின்ற அனிதா எங்கள் லேப் டெக்னீசியன் கோபியைப் பார்த்தார். "ஆஸ்பத்திரிக்காரங்களே குடுக்கறீங்க, நான் குடுத்தா தப்பா?" என்றார். அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை.

சுவேதாவுக்கு இப்போது பதினொரு வயது. சென்ற மாதம் சர்க்கரை நோய் உறுதியானது. எங்கள் பிஸ்கட்டால்தான் வந்தது என்று எந்த ஆய்வும் சொல்லாது. இல்லை என்று சொல்ல எங்களுக்கு நாக்கு எழவில்லை. உங்கள் இடத்துக்கு ஆள் போடப் போவதில்லை என்று உத்தரவும் வந்துவிட்டது. இனிச் சனிக்கிழமைகளில் உருண்டை பிடிக்க ஒருவருமில்லை.

அருமை அம்மையாரே! நோயின்றி நெடுங்காலம் நீங்கள் நலமாய் இருக்க வேண்டும். முன்வரிசையில் தாயோடு அமர்ந்திருக்கும் சுவேதாவையும் அப்படியே வாழ்த்த ஆசைதான், துணிவில்லை. விழா முடிந்ததும் வாசலில் எல்லோருக்கும் சிற்றுண்டிப் பை தருகிறோம். அவள் கையில் இருப்பதை மட்டும் திறந்து பார்க்காதீர்கள், அம்மா.

தலைகுனிந்து நிற்கும்
ஆய்வு மையப் பணியாளர்கள்,
ஓசூர்.