எல்லைக்கல்லில் நின்ற சிப்பாய்கள்

— எதுல ஒட்டியிருக்கன்னுதானே கேக்குறேன்! வாயத் தொறந்து சொல்லுடா சேரா.

— கல்லுலதான்க்கா. மேசையத் தட்டாத. பசை இன்னும் காயல, சிப்பாய் சாஞ்சுருவான்.

— சாயட்டும். எந்தக் கல்லு?

— வரப்புக் கோடியில நட்டிருந்துச்சே, அது.

— அட பாவி! அது எல்லைக்கல்லுடா! நம்ம வயலுக்கும் துரைராசு வயலுக்கும் நடுவுல இருந்த ஒரே கல்லு!

— தெரியும்க்கா. லாஜிக்கா யோசி. வயலோட அளவு தாலுகா ஆபீஸ் படத்துல இருக்கு. கல்லுலயா இருக்கு?

— லாஜிக்காம்! வெரலு உசரப் பொம்மைக்கு வர்ணம் பூசுறவன் எனக்கு லாஜிக் சொல்ல வந்துட்டான். ஊருல வேற கல்லே கெடைக்கலயா?

— நீயே சொல்லு, எங்க கெடக்கு? பத்தடி தோண்டுனாலும் களிமண்ணுதான் வருது. நீடாமங்கலம் ஸ்டேஷன்ல ஜல்லி கெடக்கு, எடுத்தா போலீஸ் புடிக்கும். அதுவும் புதுசா ஒடைச்சது, மினுமினுன்னு இருக்கும். வெரலு உசரச் சிப்பாய் காலடியில அந்த மினுக்கு இருந்தா, கண்ணாடிச் சில்லு மேல நிக்கிறாப்புல தெரியும். இது வெயில்லயும் மழையிலயும் கெடந்து மேல்தோலு மங்கிப் போன கல்லு. பாசி வேற படிஞ்சிருக்கு. பெயிண்ட்டே வேணாம். இங்க பாரேன், மலை உச்சியில நிக்கிறாப்புலயே இல்ல?

— மலையாம் மலை! எத்தன பொம்மை?

— நாப்பது. ஆர்டர் குடுத்த ஜெர்மனிக்காரன் நெசக் கல்லுலதான் வேணும்னுட்டான். ஒடைச்சதுல பெரிய சில்லுலாம் பொம்மைக்குக் கீழ பாறை. சல்லடையில எறங்குன பொடிதான் மண்தரை. கழுவிக் காயவச்சு...

— முழுக் கல்லையுமா?

— முழுசும்தான்.

— வெளங்கிரும்! ஆறு மாசமா வரப்புல நின்னு தொண்டத் தண்ணி வத்தக் கத்துறேன். சிங்கப்பூர்லேர்ந்து எறங்குன அன்னிலேர்ந்து அந்தத் துரைராசு, வயலு சுருங்கிப் போச்சு, வயலு சுருங்கிப் போச்சுன்னு ஒரே பாட்டு. கண்ணு இருந்தா கல்லப் பாருங்கன்னு அதக் காட்டித்தானே அவன் வாய அடைச்சேன்! இனிமே எதக் காட்டுவேன்? உன் பொம்மையவா?

— நியாயம் நம்ம பக்கம் இருக்கும்போது கல்லு எதுக்குக்கா?

— நியாயம் வரப்புல வந்து நிக்குமாடா?

— நிக்கும். அப்பா துரைராசு அண்ணன் வீட்டுல இருவது வருஷம் ஏர் ஓட்டி, அவங்ககிட்டயே வெல குடுத்து வாங்குன ஒரு ஏக்கரா. பத்திரம் இருக்கு, பட்டா இருக்கு. அளந்தா ஒரு சாண்கூட அந்தப் பக்கம் போவாது.

— அளக்குற பேச்சே எடுக்காத.

— ஏன்?

— எடுக்காதன்னா எடுக்காத! எவன் காலும் நம்ம வயல்ல படக் கூடாது. செதறுனதெல்லாம் பொறுக்கி, சிமெண்ட்ட வச்சு ஒட்டு. ஒட்டுறதுதானே உனக்குத் தெரிஞ்ச வேலை!

— பொடியாக்குனத எப்படிக்கா ஒட்டுறது? கொஞ்சம் நிதானமா கேளு. தப்பு பண்ணது நான். அதச் சரியும் பண்ணிட்டேன்.

— என்னத்தடா சரி பண்ண?

— காலையில துரைராசு அண்ணன் வீட்டுக்குப் போனேன். கல்ல ஒடைச்சது நான்தான்னு சொன்னேன். மனுஷன் ஒரு வார்த்த திட்டல. ரெண்டு பேருமா தாலுகா ஆபீஸ் போயி, அளந்து தரச் சொல்லி மனு குடுத்துட்டோம். ஆத்துல தண்ணி வர்றதுக்குள்ள சர்வேயர் வந்து புதுக்கல்லு நட்டுருவாரு.

— என்னக் கேக்காமயா?

— உன்னக் கேட்டா இப்படித்தான் கத்துவ. கூட்டுப் பட்டாதானே, என் கையெழுத்தும் செல்லும்.

— படுபாவி... போடா. அந்த மனுவ திருப்பி வாங்கு. இப்பவே போ!

— வாங்க மாட்டேன். கடைத்தெருவுல வச்சு அவரத் திருடன்னு சொன்னியே, ஞாபகம் இருக்கா? அவரு பொண்டாட்டி புள்ளைங்க முன்னாடி. அளந்தா நீ சொன்னது நெசம்னு ஊரே ஒத்துக்கும். அதானே உனக்கு வேணும்? என்னக்கா, ஏன் உக்காந்துட்ட? தண்ணி வேணுமா?

— அவன் சிங்கப்பூருக்குக் கெளம்பிப் போனான்ல, அந்த வருஷம் கோடையில, அந்தக் கல்லப் பேத்து நாலடி அவன் வயலுக்குள்ள தள்ளி நட்டது நான்தான்டா.