பின் பிரேக்

இல்லண்ணே, ஷட்டர இறக்காதீங்க. ஞாயித்துக்கெழமன்னு தெரிஞ்சேதான் மூலக்குளத்துலேந்து வந்திருக்கேன். தட்டாஞ்சாவடி பூரா சுத்திட்டேன், ஒரு வெல்டிங் பட்டறையும் தொறக்கல. நீங்களும் கறி வாங்கக் கெளம்பிட்டா நான் எங்க போவேன்?

பெரிய வேலை இல்ல. இது என் பொண்ணு லமீஸு சைக்கிளு. கேரியர் மேல வளைஞ்ச மாதிரி ஒரு பைப்பு நிக்கணும், அவ்ளோதான். பின் பிரேக் ஒயர நீளமா இழுத்து, அந்தப் பைப்பு வழியா என் கைக்குக் கொண்டாந்துடுவேன். அவ ஓட்டுவா, நான் பின்னாலயே ஓடுவேன், ஆபத்துன்னா இழுப்பேன். மொதல்ல நானே வெறும் கயிறு கட்டிப் பாத்தேன். சக்கரத்துல சுத்திக்கிச்சு, புள்ளைக்கு முட்டியெல்லாம் ரத்தம். முன் பிரேக்கா? அய்யோ வேணாம், குப்புற தள்ளிடும்.

சைடு வீலு போட்டுப் பாத்துட்டேன், ஒரு பக்கமாவே சாஞ்சி உக்காந்துக்குறா. விழுறதுகூட பரவால்லண்ணே, தானா நிக்க மாட்டேங்குறாளே, அதான் பயமா இருக்கு. எங்க தெரு முனையிலயே வில்லியனூர் ரோடு. பஸ்ஸுக்காரன் எப்படி வருவான்னு நீங்க பாத்திருப்பீங்க. லமீஸு மிதிக்க ஆரம்பிச்சா பிரேக்கு ஒண்ணு இருக்கறதே மறந்துடுவா. அத்தா புடிச்சிருக்கியா, புடிச்சிருக்கியான்னு கேட்டுக்கிட்டே போவா. நான் கைய வுட்டுட்டு, புடிச்சிருக்கேன்டான்னு சொல்லிக்கிட்டே பின்னால ஓடுவேன். எல்லா அப்பனும் சொல்ற பொய்தான். முனை வந்ததும் நில்லும்மான்னு கத்துவேன், டக்குனு கால ஊனிடுவா.

அப்படியே கத்திட்டுப் போவ வேண்டிதானேங்கறீங்க. நல்லாதான் இருக்கும்ணே. இல்ல, இந்தக் கரகரப்பு சளி இல்ல. தண்ணி வேணாம், முழுங்குனா வலிக்கும். பேசாதன்னு டாக்டரும் சொல்றாரு, வீட்ல பொண்டாட்டியும் அழுவுறா. நான்தான் கேக்காம பேசிட்டே இருக்கேன், கோவிச்சுக்காதீங்க.

நாளைக்கு முடியாதுண்ணே. உங்க கையப் புடிச்சிக் கேக்குறேன், இன்னிக்கே வெல்டு வச்சிக் குடுத்துடுங்க. நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரில என் குரல்வளைய எடுக்குறாங்க. அதுக்கப்புறம் கத்த முடியாது. இன்னிக்குச் சாயந்திரம் நில்லும்மா நில்லும்மான்னு கத்திக்கிட்டே ஒயர இழுத்துப் பழக்கணும். அப்பதான் நாளைக்கு அப்புறம் சும்மா இழுத்தாலும், அத்தாதான் கூப்புடுதுன்னு அவளுக்குத் தெரியும்.