கட்டைவிரலுக்கு மாறிய பட்டன்

— உர்சுலா, இந்தப் புது கேமரா கெட்டுப்போச்சு லா! பட்டனைப் பாதி அழுத்தினா ஃபோகஸ் ஆகணும்ல? அசையவே மாட்டேங்குது.

— கெடலைங்க. நான்தான் மாத்தி வெச்சேன். பின்னால கட்டைவிரல் படற இடத்துல ஒரு பட்டன் இருக்கு பாருங்க. ஃபோகஸுக்கு அதை அழுத்தணும். மேல இருக்கறது இனிமே படம் எடுக்க மட்டும்.

— யாரைக் கேட்டு மாத்தின? இந்தச் சிங்கப்பூர்ல, சிராங்கூன் ரோட்ல இருபது வருஷமா ஸ்டுடியோ நடத்தறேன். இருட்டு ரூம்ல ஃபிலிம் கழுவறவ எனக்குச் சொல்லித் தர்றியா?

— கூட வந்த புக்கைப் படிச்சுத்தான் மாத்தினேன். கோபப்படாதீங்க.

— என் விரல் நடுங்குதுன்னுதானே மாத்தின?

— நடுங்கறது நெஜந்தானே.

— ஏர்கான் குளிரு லா.

— போன மாசம் நீங்க படம் எடுத்த அருள்ஜோதி கல்யாணத்துல ஏது ஏர்கான்? ஓஃபிர் ரோடு மாதா கோயில்ல ஃபேன்தான் சுத்திச்சு. உங்க விரல் ஆடி ஆடி வெறும் தரையை ஒம்பது படம் எடுத்திருக்கு. மோதிரம் போடறப்ப ரோல் தீர்ந்துபோச்சு. கழுவினவளுக்குத் தெரியாதா?

— யார்கிட்டயாவது சொன்னியா?

— வாயே திறக்கல. உங்களைத்தான் டாக்டர்கிட்ட வாங்க வாங்கன்னு கெஞ்சினேன்.

— டாக்டர்கிட்ட போனா ஊருக்கே தெரிஞ்சிடும். அப்புறம் எவன் கூப்பிடுவான்? சரி, இரு... கட்டைவிரலால பின்னால... அப்புறம் மேல... அட, நல்லாத்தான் இருக்கு லா. கட்டைவிரல் ஆடல, பாரு.

— பாத்தேங்க.

— எனக்காக உக்காந்து படிச்சிருக்க. நான் கத்திட்டேன். சனிக்கிழமை சவரிராஜ் பொண்ணு கல்யாணத்தை இப்படியே எடுத்துடறேன். ஒருத்தருக்கும் தெரியாது... ஏம்மா அழற?

— சவரிராஜ் அண்ணன் நேத்து நம்ம வீட்டுக்கு ஃபோன் பண்ணாரு. அருள்ஜோதி ஆல்பத்தைப் பாத்துட்டாரு. மோதிரம் போடற படமே இல்லைன்னாரு.

— அவன் எங்க பாத்தான்? சரி, வேற ஆளைப் போட்டுட்டானா? எதிர்க்கடை அஹமது கபீரா?

— இல்ல. உங்களை விருந்துக்கு மட்டும் வரச் சொன்னாரு. படம் என்னை எடுக்கச் சொன்னாரு.

— அப்போ இந்தப் பட்டன்...

— என் கைக்கு மாத்தினேன். பழகிக்கறதுக்கு.

— முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே, உர்சுலா. இருபது வருஷம் கூட இருந்தவ ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

— எப்படிங்க சொல்வேன்? அந்த ஆல்பத்தை அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் காட்டினது நான்தான்.