சாவி யார் பையில்

கார் இன்ஜினில் பெல்ட் மாற்றுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சின்னக் காரில் இன்னும் சுலபம். முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டால் உள்ளே கை போகும். டைனமோவைப் பிடித்திருக்கிற இரண்டு போல்ட்டைத் தளர்த்தி அதை உள்பக்கம் தள்ளினால், பழைய பெல்ட் தொளதொளவென்று கையோடு வந்துவிடும். பொறுமை இருந்தால் வீட்டு வாசலிலேயே ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். எனக்குப் பொறுமை நிறையவே உண்டு, கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து விசாரிக்க வந்திருக்கிறீர்கள். என் தம்பி உங்கள் குழந்தைகள் வார்டில் ஊசி போடுகிற நர்ஸ். அவன் வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. எப்படிப் போயின என்று நீங்கள் அறிக்கை எழுத வேண்டும். அவன் கொடுத்த தாளைச் சற்று முன் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். தன்னுடைய கவனக்குறைவுதான் காரணம் என்று இடது கையால் கோணல்மாணலாக எழுதியிருக்கிறான். அது உண்மை இல்லை. அதனால்தான் புறப்பட்ட உங்களை மறுபடி உட்காரச் சொன்னேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு அவன் மேல் பொறாமை கிடையாது. அவன் கைராசிக்காரன் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். நின்றுபோன கடிகாரத்தை அவன் திறந்து மூடினால் ஓடும். நான் இரண்டு நாள் மல்லுக்கட்டிய தண்ணீர் மோட்டாரை அவன் வந்து ஒரு தட்டுத் தட்டினால் ஓடும். அவன் ஊசி போட்டால் குழந்தை அழ வாயைத் திறப்பதற்குள் முடிந்துவிடும் என்று உங்கள் ஆட்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். "பெரியவன் கழட்டுவான், சின்னவன் மாட்டுவான்" என்பது எங்கள் அம்மாவின் வேடிக்கைப் பேச்சு. விருந்தாளிகள் வந்தால் கட்டாயம் ஒரு முறை சொல்லிவிடுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், நாற்பது வருஷமாக.

போன மாதம் காலையில் காரை எடுத்தாலே கீச்சென்று தெரு முழுக்கக் கேட்டது. பெல்ட் தேய்ந்து, பளபளத்து, ஓரம் வெடித்திருந்தது. "ஏங்க, தம்பியக் கூப்பிடுங்களேன், ஒரு நிமிஷத்துல முடிச்சுடுவாரு" என்றாள் என் மனைவி. நான் கூப்பிடவில்லை. புதுப் பெல்ட் வாங்கிவந்து நானே மாற்றினேன். சத்தம் நின்றது. அன்றைக்கு மாலை அவளை உட்கார வைத்து ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

நாலாம் நாள் கீச்சல் திரும்பி வந்தது. எனக்குச் சொல்லாமல் அவள் அவனுக்கு போன் செய்துவிட்டாள்.

அவன் சக்கரத்தைக் கழற்றி, மல்லாந்து படுத்து, உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தான். அந்தப் பெல்ட்டின் உள்பக்கம் நீளவாக்கில் வரிவரியாக இருக்கும். ஒவ்வொரு வரியும், பெல்ட் சுற்றி ஓடுகிற புல்லிச் சக்கரத்தில் உள்ள பள்ளத்தில் உட்கார வேண்டும். நான் ஒரு வரி தள்ளி மாட்டியிருந்தேன். ஓரம் பிய்ந்து நாராகத் தொங்கியது. என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி அதைச் சொன்னான். பிறகு தலையை வெளியே நீட்டி, "அண்ணி, மாட்டினதுல ஒரு தப்பும் இல்ல. பெல்ட்டே மட்டமான சரக்கு, கடைக்காரன் தலையில கட்டிட்டான்" என்றான். என்னைப் பார்த்துக் கண் அடித்தான்.

என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பேன். சிரித்திருந்தாலும் மறந்திருப்பேன், பழக்கம்தானே. என்னைக் காப்பாற்றினான் பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் நம்பவும் இல்லை. "சரி சரி, பாவம், விடுங்க" என்று அவன் தோளில் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த ஞாயிறு காலை அவனே சரியான பெல்ட்டோடு வந்தான். நல்ல பேன்ட் போட்டிருந்தான். கறை படும் என்று என்னுடைய பழைய கால்சட்டை ஒன்றைக் கொடுத்தேன், சட்டையையும் கழற்றச் சொன்னேன். அந்தக் கால்சட்டையின் இரண்டு பைகளும் ஓட்டை. அது எனக்குத் தெரியும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவனுக்கு ஒரு கறாரான பழக்கம் உண்டு. இன்ஜினுக்குள் கை வைக்கிறவன் பையில்தான் சாவி இருக்க வேண்டும். வார்டில் மருந்தை எடுத்தவனேதான் ஊசி போட வேண்டுமாம், அது மாதிரித்தான் இதுவும் என்பான். அன்றைக்கும் சாவியைக் கேட்டு வாங்கினான். பையில் போட்டான். அது காலடியில் விழுந்தது. சிரித்தான். "இந்தா, நீயே வச்சுக்க. வண்டியத் தூக்கிட்டு ஓடிடாத" என்று என்னிடம் நீட்டினான். "எதுக்கும் பேட்டரி வயரைக் கழட்டிடவா?" என்றும் கேட்டான். வேண்டாம், கார் கடிகாரத்தில் மறுபடி நேரம் வைக்க வேண்டும், அது பெரிய தொல்லை என்றேன். அப்போது என் மனதில் எதுவும் இல்லை. நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

வெயில் ஏறிவிட்டது. நான் டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தேன். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்துக்கொண்டேன். ஜாக்கியில் நிற்கிற வண்டி, நகர்ந்து அவன் மேல் விழுந்துவிடக் கூடாது. அவனுக்கு வேறு எங்கும் அடி படுவதை நான் விரும்பவில்லை.

கீழேயிருந்து பேசிக்கொண்டே இருந்தான். "அடியில இருக்கிற புல்லி கண்ணுக்குத் தெரியாதுண்ணா. விரலாலதான் வரி உக்காந்திருக்கான்னு பாக்கணும். நீ அதைத்தான் விட்டுட்ட. பரவால்ல, யாருக்கும் வர்ற தப்புதான். அடுத்த தடவை நீயே போடு, நான் பக்கத்துல இருந்து சொல்லித் தரேன்."

நான் சாவியைத் துவாரத்தில் போட்டேன். அந்தச் சின்னச் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கிறது. "இருண்ணா, கை இன்னும் உள்ளதான் இருக்கு" என்றான். அவசரமே இல்லாமல் சொன்னான். எனக்கு ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. சாவியைத் திருப்பினேன்.

கண் இமைக்கிற நேரம்தான் இன்ஜின் சுற்றியிருக்கும். பெல்ட் கீச்சிடவில்லை.

ஃபேன் போடத்தான் திருப்பினேன், கை தவறி ஒரு படி கூடப் போய்விட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். அதைக் கூட நான் சொல்லத் தேவை இருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே, கையைத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு, என் மனைவியிடம் அவன் முந்திக்கொண்டான். "அண்ணாவ ஒண்ணும் கேக்காதீங்க அண்ணி. சாவிய நான்தான் குடுத்தேன்." உதடு வெளுத்திருந்தது. அப்போதும் என்னைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தான்.

இப்போது தினமும் அவன் வீட்டுக்குப் போகிறேன். சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறேன், ஷூ நாடா கட்டிவிடுகிறேன். பெரியவன் இல்லாவிட்டால் சின்னவன் கதி என்ன என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். விருந்தாளிகள் வந்தால் அந்தப் பழைய வேடிக்கையை அவள் இப்போது சொல்வதில்லை. நேற்றுப் பொத்தான் போடும்போது அவன், "ஆறாம் படுக்கைப் பாப்பாவுக்கு நரம்பே கிடைக்காது. இப்ப யாரு குத்துறாங்களோ" என்று கேட்டு அழுதான். நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன்.

அந்தப் பெல்ட்டை மறுநாள் நானே துடைத்து, இறுக்கி, சக்கரத்தை மாட்டினேன். வரி உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்திருந்தது, அவன் போட்டதாயிற்றே. கார் சத்தமில்லாமல் ஓடுகிறது. கடிகாரம் கூடச் சரியான நேரம் காட்டுகிறது.

நான் இதைச் சொல்வது குற்ற உணர்ச்சியால் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தத் தாளைத் திருத்துங்கள், போதும். அண்ணன் காதால் கேட்டுவிட்டு, தெரிந்தேதான் திருப்பினான் என்று எழுதுங்கள். அந்த வாசலில் நான் ஒரு வரி கூடப் பிசகாமல் செய்த வேலை அது ஒன்றுதான். அதையும் அவன் பெயரில் போட்டுவிடாதீர்கள்.