மஞ்சள் நாடாவைத் தாண்டி

எனக்குத் தேநீர் கொஞ்சம் ஆறினாலும் தொண்டையில் இறங்காது, ஐயா. வீட்டில் மைக்ரோவேவ் வாங்கி வைத்ததே அதற்காகத்தான்.

அக்கா மாடியறையில் படுத்த படுக்கையாகி மூன்று வருடம். மூக்கில் ஆக்சிஜன் குழாய். அது நழுவினால் எடுத்து மாட்ட அவளுக்குக் கை எழாது. வாய்க்கு மட்டும் ஒரு குறைவும் இல்லை. அதனால் அவள் தலைமாட்டில் ஒரு வயர்லெஸ் மைக், கீழே என்னிடம் அதன் ஸ்பீக்கர். கூப்பிட்டால் நான் ஓட வேண்டும்.

மாட்டிக் கொடுத்த மெக்கானிக் படித்துப் படித்துச் சொன்னார். "அம்மா, இதுவும் மைக்ரோவேவும் ஒரே அலைவரிசை. அது ஓடுறப்ப பக்கத்துல இத வெச்சீங்கன்னா வெறும் கொர்ருன்னுதான் கேக்கும். இந்தக் கோட்டைத் தாண்டி உள்ள கொண்டு போகாதீங்க." சமையலறை வாசலில் தரையோடு மஞ்சள் நாடா ஒட்டிவிட்டுத்தான் போனார்.

முதல் தடவை மறதியாகத்தான் ஸ்பீக்கரைக் கையோடு உள்ளே கொண்டு போனேன். தேநீர் சுடுகிற இரண்டு நிமிடமும் ஒரே இரைச்சல். அந்த இரைச்சலுக்குள் அக்கா இல்லை. மூன்று வருடத்தில் அப்படி இரண்டு நிமிடம் எனக்கு வாய்த்ததே இல்லை.

அப்புறம் ஒரு நாளைக்கு நாலு தேநீர், ஏழு தேநீர் என்று ஆனது. ஸ்பீக்கரை மைக்ரோவேவின் தலைமேலேயே வைத்தேன். மாடிக்குப் போனால் அக்கா விடமாட்டாள்.

"ஏன்டி, தொண்டை கிழியக் கத்துறேன். மெஷின் செவிடா, நீ செவிடா?"

"மெஷின்தான்க்கா."

"அப்ப அதோட காதுக்கு ஒரு மெஷின் வாங்கி மாட்டு."

சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். நானும் சிரிப்பேன். சின்ன வயதில் எனக்குத் தலைவாரிப் பின்னிவிட்ட கை அது, எழாமல் கிடந்த கை.

செவ்வாய்க்கிழமை மத்தியானமும் ஒரே ஒரு கோப்பைதான் வைத்தேன். மேலே போய்ப் பார்த்தபோது குழாய் தோளில் கிடந்தது. அக்காவின் மூச்சு அடங்கியிருந்தது.

மெக்கானிக் வந்து வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். "நான்தாம்மா வேற அலைவரிசைக்கு மாத்திக் குடுத்திருக்கணும். என் தப்பு." நீங்கள் இப்போது அவரை ஸ்டேஷனில் வைத்துத்தான் விசாரிக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அவரை விட்டுவிடுங்கள். கோட்டைத் தாண்டியது நான். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூசுகிறது. மேசையைப் பார்த்துச் சொல்கிறேன்.

இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை என்று அன்றைக்கு எழுதிக் கொடுத்தேன். அது முழுப் பொய் இல்லை. இரண்டு நிமிடம் கேட்கவில்லைதான். பிறகு மணியடித்து மைக்ரோவேவ் நின்றது. இரைச்சலும் நின்றது.

"குழாய்... பாப்பா..." என்றாள் அக்கா, ஸ்பீக்கரில். அவள் என்னைப் பாப்பா என்று கூப்பிட்டு எத்தனையோ வருடமாயிற்று.

கோப்பையில் தேநீர் பொங்கி வழிந்திருந்தது. சூடு போதாது என்று நினைத்துத்தான், ஐயா, மறுபடி பத்து நிமிடம் வைத்து அழுத்தினேன்.