ஃபில்டருக்குச் சோப்பு போட்டவர்

“மீனைக் கொன்னது நீங்கதான்.” குலசேகரம் பஸ்ஸில் முன் இருக்கைப் பெண் கணவனிடம் சொன்னாள்.

“வீட்டு ஜெபத்துக்கு ஆளு வருமேன்னு தொட்டியைக் கழுவினேன். அது தப்பா ஏட்டி?”

“ஃபில்டர் ஸ்பாஞ்சையும் சோப்பு போட்டுல்லா கசக்கினீங்க! மீன் கழிவுல வர்ற அம்மோனியா விஷத்தைத் தின்னுற நல்ல கிருமி அதுலதான் இருந்துது. தொட்டித் தண்ணியிலயே அலசணும்னு கடைக்காரன் சொன்னாம்லா?”

“இனி என்ன செய்ய?”

“தீனியை நிறுத்தணும். தினமும் கொஞ்சம் கிணத்துத் தண்ணி மாத்தணும். மிச்ச மீனாவது பிழைக்கட்டு.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பின் இருக்கையிலிருந்த எனக்கே கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அவள் விடவில்லை.

“இங்க பாருங்க. நான் தீனியை வாரிப் போட்டுத்தான் மீன் செத்துதுன்னு ஜெபத்துல எல்லாருக்க முன்னாலயும் சொன்னீங்கல்லா? இன்னைக்கும் ஜெபம் இருக்கு. சோப்பு போட்டது யாருன்னு எழும்பி நின்னு சொல்லணும். சொல்லுவீங்களா?”